அராஃபொஸ் என்று நீங்கள் சொன்ன நாள்

அக்கா,

இன்று காலை நம் கம்பெனியில் நிட்டிங் மிஷினிலிருந்து துணியை இறக்கினார்கள். நூலெண்ணெய் வாசனை சூடாக மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. குழாயாக வருகிற இந்தத் துணிக்குள் கையை விட்டுப் பார்க்காமல் உங்களால் ஒருநாளும் தாண்டிப் போக முடியாது.

நெருப்பெரிச்சல் ஊர்ச் சபையில் போதகர் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தபோது நாம் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டோம். சிலுவையின் கீழே படைவீரர்கள் சீட்டுப்போட்ட இயேசுவின் அங்கியைப் பற்றிய பாடத்தில்தான் நீங்கள் நிமிர்ந்தீர்கள். அந்த அங்கிக்கு மூலத்தில் உள்ள சொல் அராஃபொஸ். 'ராப்தோ' என்றால் தைக்கிறேன். அதிலிருந்து பிறந்த சொல்லுக்கு முன்னால் ஓர் 'அ' வந்தால் தைக்கப்படாதது. நீதியை அநீதி ஆக்குகிற அதே 'அ'. புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில்தான் அது வருகிறது என்றார் போதகர். "ஏட்டி, நம்ம ஓவர்லாக் தையல் மிஷினுக்கு வேலையே வைக்காத சட்டை," என்று என்னைக் கிள்ளினீர்கள்.

பெரிய வெள்ளியன்று அதைப் பற்றிப் பேச இடம் கேட்டீர்கள். நம் சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் பிரசங்க மேடை ஏறியதில்லை. கமிட்டிப் பெரியவர் பணிவாகத்தான் கேட்டார்: "ஏனுங்கம்மா, பனியன் தைக்கறவங்களுக்குக் கிரேக்கம் எதுக்குங்க?"

"அதுவும் துணி சமாச்சாரம்தான, அண்ணாச்சி," என்றீர்கள். போதகர் சிரித்துச் சம்மதித்தார். வெளியே வந்ததும் உங்கள் முகம் மாறியது. "சொதப்புனா இனி ஒரு பொம்பளையயும் ஏத்த மாட்டாவட்டி."

மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மனப்பாடம் செய்ததெல்லாம் போயிற்று. நீங்கள் பையிலிருந்து ஒரு முழம் குழாய்த் துணியை எடுத்து முன்வரிசையிடம் நீட்டினீர்கள். "கைய விட்டுப் பாருங்க. எங்கயாச்சும் தையல் தட்டுப்படுதா?" பனியன் ஊர்க்காரர்கள், துணி கைக்கு வந்தால் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு உள்ளே கையை விட்டு, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார்கள். துணி கடைசி வரிசைக்குப் போவதற்குள் உங்கள் குரல் திரும்பிவிட்டது.

"இது பின்னுனது, அது நெய்தது. ரெண்டுலயும் பிரிக்கதுக்குத் தையல் கெடையாது. இருந்திருந்தா பிரிச்சுப் பங்கு போட்டிருப்பாவ. அராஃபொஸ்! அதனாலதான் அந்த அங்கி முழுசா தப்பிச்சுது."

"ஆமாங்க, தையலே இல்லீங்க," என்று கமிட்டிப் பெரியவர் பக்கத்து ஆளிடம் சாட்சி சொன்னார். பெருமை தாங்காமல் நான் அழுதேவிட்டேன்.

நோய் உங்களைக் கொண்டுபோன பிறகு அந்த மேடைப் பக்கம் நான் பார்ப்பதேயில்லை. போன ஞாயிறு அதே பெரியவர், பெரிய வெள்ளிக்குப் பேசுகிறவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே பெண்கள் பக்கம் வந்தார். "நம்ம பொம்பளைங்கள்ல இந்த வருஷம் யாருங்க?"

யாராவது உண்டா என்று கேட்கவில்லை, அக்கா. யார் என்று கேட்டார்.

எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன்.