ஆமைக்கு அனுமதி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். காற்றாடி முழு வேகத்தில். அப்படியும் கை வேர்த்துப் பேனா வழுக்குகிறது.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் எழுத்து வகுப்பு. கௌரி டீச்சர் முகம் சரியில்லை. வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும்போது கேட்டேன். அவர் எழுதிவரும் புத்தகத்துக்குத் தடங்கல்.

புத்தகம் கொய்யாக்காவைப் பற்றியது, அவர் கதைகளும் அதில் வரும். அந்தப் பெயரில் சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். இங்கே தமிழ்ப் பள்ளிக்குப் போன எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் பள்ளிக்குப் போகவில்லை. காஹாங் பக்கம் தோட்டத்தில் மாடு மேய்த்தேன், எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினேன், அப்புறம் தெப்ராவில் தொழிற்சாலைக்குப் புல் வெட்டினேன். எழுத்து வந்தது போன வருஷம்தான். கொய்யாக்காவை வைத்துத்தான் வந்தது. ‘சைக்கிள் வாங்கிய ஆமை’ அவர் கதை. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நானே வாசித்த முதல் கதை.

(கொய்யாக்கா என்று எழுத நேரமாகிறது. இனி கொ.அக்கா.)

கொ.அக்கா இப்போது இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதைகளின் உரிமை அவர் தம்பி சண்முகத்துக்கு. தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கிறார். டீச்சர் அவருக்கு இமெயில் போட்டு அனுமதி கேட்டிருக்கிறார். அவர் மகள் பதில் எழுதியிருக்கிறார்: எல்லாக் கதையும் போடலாம். ஆமைக் கதை மட்டும் கூடாது. அப்பா முடியாது என்கிறார்.

காரணம் இல்லை.

“அப்ப ஆமையை விட்டுட்டுத்தான் புக்கு போடணும் ஐயா” என்றார் டீச்சர்.

“ஆமை இல்லாம என்னா டீச்சர் புக்கு? ரசத்துல புளி இல்லாத மாதிரி.”

“அனுமதி இல்லாம ஒரு வரி போடக்கூடாது. சட்டம்.”

“நேர்ல போய்க் கேட்டீங்களா?”

கேட்கவில்லையாம். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் சொந்த மாமன் கோபித்து, இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். டீச்சரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“பழத்தட்டு எடுத்துக்கிட்டுப் போலாங்கிறீங்களா?”

போகலாம்!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் மழை. துணி எடுத்தேன், ஒன்று நனைந்துவிட்டது. மகள் சாந்தியின் வேலைச் சட்டை. திட்டு நிச்சயம்.

டீச்சர் கொடுத்த பயிற்சி: படித்த கதையைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

ஆமை காசு சேர்த்து ஒரு சைக்கிள் வாங்கியது. கால் எட்டவில்லை. ஏறவே முடியவில்லை. ஆனால் ஆசையாக வாங்கியது, விற்க மனமில்லை. போகிற இடமெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனது. குரங்கு சிரித்தது. கொக்கு சிரித்தது. ஆமை கவலைப்படவில்லை. முயல் வீட்டு அரிசி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளியது. அணில் குட்டிகளை ஏற்றித் தள்ளியது. கடைசி வரி: அந்த ஆமை இன்னும் தள்ளிக்கொண்டேதான் போகிறது.

முதல் முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘தள்ளிக்கொண்டேதான்’ என்ற வார்த்தையை நானும் அப்படித்தான் தள்ளினேன். பாதியில் மூச்சு வாங்கியது.

சாந்தி வேலை முடிந்து சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நோட்டை எட்டிப் பார்த்தாள். “அப்பா, காலையில இந்தப் பக்கத்துலதானே இருந்தீங்க? நான் சிங்கப்பூர் போய் வேலை பார்த்துட்டு வந்துட்டேன்!”

சட்டையைப் பற்றி இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 9, சனி

காஹாங். டீச்சர் காரில். வழியெல்லாம் செம்பனை. நான் குலை வெட்டிய மரங்களை அழித்துப் புதுக்கன்று வைத்துவிட்டார்கள், அதுவும் இப்போது உயரம்.

தம்பியிடம் போவதற்கு முன் படங்களுக்கு அனுமதி வாங்கவேண்டும் என்றார் டீச்சர். கதைக்கு ஒரு உரிமை, படத்துக்கு வேறு உரிமை. எனக்கு இது புதுச் செய்தி. ஆமை ஒருவருடையது, அதன் உருவம் இன்னொருவருடையது!

படம் வரைந்தவர் டான். சீனக் கிழவர், முன்பு கடைப் பலகை எழுதியவர். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கொ.அக்கா மலாய் மொழியில் கதை சொல்வாராம், இவர் கேட்டுக்கொண்டே வரைவாராம். டீச்சர் தாளை நீட்டியதும் “போலே, போலே” என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பழம் வாங்கிக்கொண்டார். எங்களுக்குக் காப்பி கொடுத்தார்.

ஆமைப் படத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார். “இத்து குரா-குரா, அடிக் டியா லா.”

அந்த ஆமை அவளுடைய தம்பிதான் என்கிறார்!

விவரம் கேட்டோம். கொ.அக்கா இவரிடம் ஒரு போட்டோவைக் காட்டி, இந்த முகத்தையே ஆமைக்குப் போடு என்றாராம். குட்டைப் பையன், பெரியவர்கள் ஓட்டும் உயரச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கதை வெளிவந்த பிறகு ஊரே அவனை ஆமை என்று கூப்பிட்டதாம்.



ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். வகுப்பில் கூட்டெழுத்து. ‘ஸ்ரீ’ எனக்குப் பிடித்த எழுத்து, கோலம் மாதிரி.

டீச்சர் சண்முகத்திடம் போக வேண்டாம் என்கிறார். “பாவம் ஐயா அவரு. சின்ன வயசுலேர்ந்து பட்டப்பேரு. நாம போய் அதையே திரும்ப அச்சடிக்கிறோம்னா எப்படி இருக்கும்?”

நியாயம்தான். பட்டப்பேர் வைத்தவர் போய்விட்டார், சுமப்பவர் இருக்கிறார். ஆனால் ஆமை இல்லாமல் புத்தகம் வந்தால் அடுத்த கிழவன் எதை வைத்து வாசிப்பான்? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். முடிவு: போய்க் கேட்போம். மறுத்தால் கும்பிட்டுவிட்டு வருவோம். பழத்தையாவது சாப்பிடட்டும்.

டீச்சர் சரி என்றார். அரை மனசு.

வாங்க வேண்டியவை:
ஆப்பிள், ஆரஞ்சு
வெற்றிலை பாக்கு
பூ
கற்கண்டு (சுகர் இருந்தால்? இருந்தாலும் மரியாதைக்கு)
எனக்கு வேட்டி தேய்க்க

ஆகஸ்ட் 16, சனி

எங்கே தொடங்குவது! ஒரே சந்தோஷம். மெதுவாக எழுதுகிறேன்.

தங்காக். லேடாங் மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. தெரு முழுக்கத் துணிக்கடை. ஒரு கடைப் பலகையில் தமிழ் இருந்தது, ஓடும் காரிலேயே வாசித்துவிட்டேன்: ‘பட்டு மாளிகை’. டீச்சர் கைதட்டினார், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு.

சண்முகத்தின் கடை வாசலில் தட்டோடு நின்றோம். டீச்சர் பட்டுப்புடவை, நான் வெள்ளை வேட்டி. கல்லாவில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இமெயில் எழுதிய மகள் மீனா இவர்தான். தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். உள்ளே திரும்பிக் கத்தினார்.

“அப்பா! உங்க வேண்டுதல் பலிச்சிருச்சு! என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டாங்க!”

துணி மடிக்கும் பெண்கள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு குரல்: “யாரா இருந்தாலும் சரி, உக்காரச் சொல்லு!”

மீனா என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். “மாப்பிள்ளை நீங்க இல்லையே அங்கிள்?”

“இல்லம்மா. நாங்க ஆமையைக் கேட்டு வந்திருக்கோம்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

சண்முகம் வெளியே வந்தார். எண்பது வயதுக்கு நல்ல திடம். குட்டை. டான் வரைந்த அதே முகம், சத்தியமாக! தட்டை வாங்கிக்கொண்டார், தேநீர் கொடுத்தார், டீச்சர் பேசியதையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

“நீங்க நேர்ல வந்தது மரியாதை. ஆனா அந்தக் கதை வேணாம்மா. ஸ்கூல்ல ஆமை. கல்யாணத்துல ஆமை. போன மாசம் ஒருத்தன் பேரனோட வந்தான். சேலை வாங்கிட்டு, ‘தம்பி, இவருதான் அந்த ஆமை’ங்கிறான். எல்லாருக்கும் சிரிப்பு.”

“நான் சிரிக்கலண்ணே” என்றேன். “எனக்கு எழுத்து அந்தக் கதையிலதான் வந்துச்சு. ஆமை விடாம தள்ளுச்சுல்ல, அதைப் பார்த்துட்டுத்தான் நானும் விடல.”

என்னை உற்றுப் பார்த்தார். “தள்ளுச்சு, தள்ளுச்சு! அதுதான் தம்பி வயித்தெரிச்சலே. நான் ஓட்டினேன்!”

எனக்கு எழுபத்திரண்டு. யாராவது தம்பி என்று கூப்பிட்டு எவ்வளவு காலம்.

நடந்தது இது. அக்கா வெளியூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டார். அங்கிருந்து கதை எழுதினார். அந்த நேரம் இவர் இங்கே விழுந்து, எழுந்து, முட்டியைப் பேர்த்து, சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டார். லீவுக்கு வந்த அக்காவிடம் ஓட்டிக் காட்டினார். “அடடா, கதை அச்சாயிடுச்சேடா” என்று சிரித்தாராம் அக்கா. அதோடு போயிற்று. ஊருக்கு ஆமை தள்ளிக்கொண்டே இருக்கிறது.

“கடைசி வரியை மாத்துங்க. ‘ஆமை ஓட்டியது’ன்னு போடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னார், “மாத்த முடியாதுங்க. அவங்க எழுதினது. நீங்க அனுமதி கொடுத்தாலும் ஒரு எழுத்தைத் தொட எனக்கு மனசு வராது.”

“அப்ப ஆமை கிடையாது.”

“சரிங்க.”

டீச்சர் பையை எடுத்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்து! வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கதைக்குள்ளதானே தொடக்கூடாது டீச்சர்? கதை முடிஞ்ச பிறகு அடியில எழுதலாம்ல? பாடப் புத்தகத்துல குட்டி எழுத்துல போடுவாங்களே.”

டீச்சர் பையைக் கீழே வைத்தார். “குறிப்பு! போடலாம். ஆனா பார்த்தவங்க யாராவது சொல்லணும். சும்மா எழுத முடியாது.”

“பார்த்தவன் எவன் இருக்கான்? எல்லாம் போயாச்சு” என்றார் சண்முகம். சொல்லிவிட்டு எழுந்தார். நேரே கடைக்குப் பின்னால் போனார். அங்கே சாமான் கொண்டுபோகும் சைக்கிள்.

“அப்பா! அலமாக்! அப்பா, இடுப்பு!” மீனா ஓடினார். டீச்சர் ஓடினார். துணி மடிக்கும் பெண்கள் ஓடினார்கள். நானும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினேன்.

ஏறிவிட்டார்! கடைத்தெருவில், சனிக்கிழமைக் கூட்டத்தில், மணியடித்துக்கொண்டு. முன் சக்கரம் கொஞ்சம் ஆடியது, பிறகு சரியாகிவிட்டது. ஒரு லாரி நின்று வழிவிட்டது. எதிர்க் கடைச் சீனர் வெளியே வந்து, “ஓய், அப்பே!” என்று பெரியவரைக் கூப்பிட்டுக் கத்தினார். சண்முகம் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். முதுகு நேராக. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார், என் முன்னால் வந்து.

“பார்த்தியா தம்பி?”

“பார்த்தேன்ணே!”

“அப்ப நீதான் எழுதணும்.”

மூச்சு வாங்கிக்கொண்டே டீச்சர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். மீனா அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. “என் கல்யாணத்துக்குக்கூட இவரு இப்படித் துள்ள மாட்டாரு” என்றார்.

நான் எழுத வேண்டும். அச்சில் வரும். நான்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயிலா மழையா கவனிக்கவில்லை.

குறிப்புக்கு இடம் கொஞ்சம்தான் என்றார் டீச்சர். நான் எழுதிக் கொண்டுபோனது ஒரு பக்கம். லாரி, சீனர், மீனாவின் இடுப்புக் கத்தல் எல்லாம். டீச்சர் வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு மூணு வரி ஐயா” என்றார்.

வெட்டினேன். குலை வெட்டுவது இதைவிடச் சுலபம். பழுத்தது எது என்று நிறம் பார்த்தே தெரியும்.

முதல்: ‘மேற்படி ஆமை அவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.’ சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “கோர்ட்டு மாதிரி இருக்குப்பா.”

இரண்டு: ‘ஆமை ஓட்டியது. இது உண்மை.’ பொய் சொல்லிவிட்டுச் சமாளிப்பதுபோல் இருக்கிறது.

மூன்று: கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

லேசான தூறல். குறிப்பு முடிந்தது. டீச்சர் பிழை பார்த்தார். ஒரு ‘ட்’ மட்டும் சேர்த்தார்.

சண்முகம் அண்ணனுக்கு மீனா போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை. வாசித்தேன், இந்த முறை தடங்கல் இல்லாமல்.

பிறகு, “தம்பி, ‘வேகமாக’ன்னு ஒரு வார்த்தை போடேன்” என்றார்.

பின்னால் மீனா: “அப்பா, நடந்து வந்தவன் உங்களைத் தாண்டிப் போனான்!”

யோசித்தேன். வேகம் இல்லை. சாட்சி பொய் சொல்லக்கூடாது. அவர் மனமும் நோகக்கூடாது. வேறு ஒரு வார்த்தை போடுகிறேன் அண்ணே, அதுவும் நல்ல வார்த்தைதான் என்றேன். என்ன வார்த்தை என்றார். சொன்னேன். “ஆமா. அதுதான் கஷ்டம். அதையே போடு” என்றார்.

சுத்தமாகப் படியெடுத்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டேன். எனக்காக இங்கே ஒன்று:

இந்த ஆமை பிறகு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது. நேராக ஓட்டியது. தங்காக் கடைத்தெருவில் நான் பார்த்தேன். பெருமாள், தெப்ராவ்.