கோப்பிக் கடையில் எழுதிய வெறும் பக்கம்

மச்சான்,

இன்றைக்கும் சீனி இல்லை. தோணித்துறைக் கடையில் சின்னத்தம்பி அண்ணன் கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பனங்கட்டித் துண்டைத் தள்ளினார். சங்கக் கடைக்குச் சீனி வந்து மூன்று கிழமையாகிறதாம். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். மல்லியும் சுக்கும் கூடிப்போன அந்தக் கசப்புக் கோப்பியின் ஆவி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அன்பாக வந்தது என்று நினைக்காதே. முள் உடைந்து உள்ளே நின்ற இடம் மழைக்கு நோவது மாதிரி வந்தது.

உனக்கு நான் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீ வாசிக்க மாட்டாய் என்பதுதான் எனக்குள்ள ஒரே வசதி.

நாம் கோப்பிக் கடைகளைத் தேடி அலைந்தது ருசிக்காக இல்லை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதால். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவனை எந்த வீட்டில் இருந்து எழுத விடுவார்கள்? செத்தவரின் பேர், வமிசம், செத்த திதிக்கு ஒரு வெண்பா, அதன்பின் மனைவி புலம்பல், பெற்ற பிள்ளைகள் அழுகிற மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று மற்றவர்களுக்காக வரிசையில் நின்று நாம் அழ வேண்டும். நான் முதல் பாட்டை வீட்டு மேசையில் வைத்து எழுதிய அன்றைக்கே என் மனைவி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

“உசிரோட ஆக்கள் இரிக்கிற வீட்டுக்குள்ள இத எழுதாதங்க. புள்ளைகள் இரிக்கி. வேற எங்கயும் போய் அழுங்க.”

உன் வீட்டிலும் அதே கதைதான். நீ கந்தோரில் கிளாக்கர், நான் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். வேலை முடிந்த பின்னேரங்களில் நமக்கு ஒரு மேசையும், அதிலிருந்து எழுப்பிவிடாத ஒரு முதலாளியும் வேண்டியிருந்தது. அதற்குத்தான் அத்தனை நடை.

பஸ் நிலையத்துக் கடையில் இருக்கிற வாங்குப் பலகை நல்ல அகலம். மூன்றாம் நாள் முதலாளி நம் தோளுக்கு மேலால் எட்டி வாசித்துவிட்டார். “கடை துறந்து ரெண்டு மாசம் ஆகல்ல. இவடத்த இருந்து ஆரட பொணத்துக்குப் பாட்டுக் கட்டுறீங்க?” என்று பாதிக் கோப்பியோடு கிளாசைத் தூக்கிக்கொண்டு போனார். பாலத்தடிக் கடையில் வாவிக் காற்று ஒரு விதவையின் புலம்பலை அப்படியே அள்ளித் தண்ணீரில் போட்டது. நான் பதறி ஓடினேன். நீ இருந்த இடத்தில் இருந்து, “விடு மச்சான், மீனும் கொஞ்சம் அழட்டும்” என்றாய். காத்தான்குடி றோட்டில் முஸ்லிம் காக்கா ஒருவரின் கடை. இஞ்சி தட்டிப் போட்ட கோப்பி அமிர்தம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த மனிதர் நம் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொருக்கா வாசிங்க தம்பி” என்பார். ஒரு வரிகூட முன்னே போகாது.

கடைசியில் இந்தத் தோணித்துறைக் கடை. மேசை ஆடாது. சின்னத்தம்பி அண்ணனுக்கு ஒரு காது கேளாது, அந்தக் காதை நம் பக்கம் வைத்துத்தான் அவர் அடுப்படியில் நிற்பார். ஒரு கோப்பிக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. வாவியைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டு, “இனி இதுதான் நம்மட கந்தோர்” என்றாய்.

நாம் நல்லவர்களாக இருக்கவில்லை, மச்சான். அதை மறைத்து எழுதினால் இதுவும் ஒரு கல்வெட்டாகிவிடும். கடைக்கு வருகிறவர்களின் இருமலைக் கேட்டு, அடுத்தது யார் என்று கணக்குப் பார்த்தோம். கிரான் பக்கத்து வயல் வட்டையில் பாதியை வைத்திருந்த ஒரு போடியார் மூச்சு இளைத்து இளைத்து வருவார். அவருக்குத் திதியை மட்டும் விட்டுவிட்டு முழுக் கல்வெட்டையும் நீ தயார் பண்ணி வைத்திருந்தாய். அது தெரியாமல் அவர் ஒருநாள் நமக்குக் கோப்பி வாங்கித் தந்தார். “படிச்ச புள்ளைகள், நல்லாக் குடிங்க” என்றார். நீ சிரிக்காமல் நன்றி சொன்னாய். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

பிறகு அது ஒரு விளையாட்டாகிப் போனது. உயிரோடு இருக்கிறவனுக்குப் புலம்பல் கட்டிச் சபையில் வாசிப்பது. தோணிக்காரர்களும் மீன் வியாபாரிகளும் சுற்றி இருந்து, “இண்டைக்கு ஆருக்கு?” என்று கேட்பார்கள். மாட்டிக்கொண்டவன் கோபித்தால் இன்னும் இரண்டு வரி கூடும். அதில் நீ என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாய்: “உன்ட பாட்டக் கேட்டாச் செத்தவன் எழும்பி இன்னொருக்காச் சாவான்.” அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் எனக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீ கேட்டதில்லை.

செட்டிபாளையத்தில் ஒரு தாய்க்கு நான் கல்வெட்டு எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் புத்தகத்தின் புரூப் என் மேசைக்கு வந்தது. பேரும் வமிசமும் அதே. பாட்டு என்னுடையது இல்லை. முதல் வரியிலேயே உன் கை தெரிந்தது. அவர்கள் என் பாட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு உன்னிடம் வந்திருக்கிறார்கள். நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். நடுவில் எத்தனை பின்னேரம் என் முன்னால் இருந்து கோப்பி குடித்தாய், ஒரு சொல் சொன்னாயா? அன்றைக்கு உன் பாட்டுக்கு எழுத்துப் பிழை பார்த்தது நான். ஒரு பிழையும் இருக்கவில்லை. அதற்காகவே உன்னை வெறுத்தேன்.

அது ஒரு புதன்கிழமை. அடுத்த நாள் விடியற்காலையில் என் மனைவி ஆசுபத்திரியிலிருந்து வந்தாள். உன் மனைவிக்குத் துணையாகப் போனவள். காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் புள்ளயும் தங்கல்ல. இது மூணாவது. பாவம், அவ ஒண்டும் பேசாமக் கிடக்கா. நீங்க அவரிட்ட ஒண்டும் கேட்டுராதங்க.”

நான் கேட்கவில்லை. அவள் சொன்னபடியே செய்தேன்.

பின்னேரம் நீ பிந்தி வந்தாய். வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்திருப்பாய். வழக்கமான இடத்தில் இருந்து, கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தாய். யாரோ ஒரு தோணிக்காரன் கேட்டான், “இண்டைக்கு ஆருக்கு?” “இவருக்கு” என்றேன் நான்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அச்சில் வருகிற மாதிரி நாலு பக்கமும் கோடு போட்டேன். மேலே நடுவில் வடிவான எழுத்தில் ‘மக்கள் புலம்பல்’ என்று எழுதினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒரு எழுத்தும் இல்லை. அப்படியே தூக்கிக் காட்டினேன்.

அவர்கள் சிரித்தார்கள். உனக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். சின்னத்தம்பி அண்ணன்கூட என்னவென்று கேட்டு, ஒருவன் அவர் நல்ல காதில் சொல்ல, சிரித்தார். நீ கையை நீட்டித் தாளை வாங்கினாய். மேசையில் விரித்து, அதன் மேலே உன் கிளாசை வைத்தாய். “இது நல்லா இரிக்கி” என்றாய். “உன்ட கையால வந்ததில இது ஒண்டுதான் எனக்குப் பிடிச்சது.” கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாய். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய். எழும்பிப் போனாய். வேகமாகக்கூடப் போகவில்லை.

பிறகு ஊருக்குச் சங்கதி தெரிந்தது. “எனக்குத் தெரியாது, தெரிஞ்சா அப்படிச் செய்வனா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நம்பினார்கள். தெரிந்துகொண்டு ஒரு மனிதன் அப்படிச் செய்வான் என்று நம்புவது அவர்களுக்கும் கஷ்டம். நான் அதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி அடுப்படியில் இருப்பாள். ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

பதின்மூன்று வருடம். முதிசத்தைப் பிரிக்கிற மாதிரி நாம் ஊரின் கடைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். தோணித்துறை எனக்கு வந்தது. பாலத்தடியும் காத்தான்குடி றோட்டும் உனக்கு. அந்த இஞ்சிக் கோப்பியை நீ எடுத்துக்கொண்டது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். மறந்து வேறு கடைக்குள் நுழைந்தால், உன் முதுகைக் கண்டதும் திரும்பி நடப்பேன். நீயும் அப்படித்தான். ஒருமுறை உன்னிடம் வருவதென்று வெளிக்கிட்டு, உன் தெரு முனைக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கோப்பி நன்றாக இருக்கவில்லை என்று அதைக் குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உன் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. இருபதாம் நாள் உன் மனைவி அச்சகத்துக்கு வந்தா. வெள்ளைச் சேலை, கையில் ஒரு கட்டுத் தாள். நான் எழும்பி நின்றேன்.

“இருங்க அண்ணன். அவர் எல்லாம் தானே எழுதி வெச்சிட்டார். வமிசம், நான் அழுறது, தங்கச்சிமார் அழுறது எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. திதியும் இந்த ஒரு பக்கமும் மட்டும் நீங்க எழுத வேணுமாம்.”

அடியில் இருந்தது என் தாள். மடிப்பில் கிழிந்து, நடுவில் கிளாசின் வட்டம் மண்ணிறமாய். ‘மக்கள்’ என்பதை நீ ஒரு கோட்டால் வெட்டி, மேலே ‘நண்பன்’ என்று எழுதியிருந்தாய். கீழே அதே வெறுமை.

உன் மனைவி போகத் திரும்பிவிட்டு நின்றா. “ஒண்டு கேக்கட்டா அண்ணன்? அண்டைக்கு எங்கட வீட்டுச் சங்கதி உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது தங்கச்சி” என்றேன். பதின்மூன்று வருடம் பழகின பொய். அதற்கு என் உதவிகூடத் தேவைப்படவில்லை.

“சரி. எழுதி வைங்க” என்றா.

திதி வெண்பாவை அரை மணித்தியாலத்தில் முடித்தேன். அந்தப் பக்கத்துக்காக எட்டு நாள் அலைந்தேன். மறுபடியும் எல்லாக் கடைக்கும் போனேன். பஸ் நிலையத்தில் முதலாளியின் மகன் இருந்தான், அவன் எதையும் எட்டி வாசிக்கவில்லை. பாலத்தடியில் தாளைக் கையால் அமத்திக்கொண்டு இருந்தேன், அள்ளிக்கொண்டு போக அதில் எதுவும் இருக்கவில்லை. காக்காவின் கடையில் அவர் என்னை அடையாளம் கண்டு, “மற்றத் தம்பி மவுத்தாப் போனாராமே” என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ‘இனி உன்போல் யார்’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அது நான் நூறு பிணத்துக்கு எழுதின வரி. ஒரு வரிதான் பாக்கி என்று எனக்குத் தெரியும்: தெரிந்துதான் செய்தேன். அதை எழுதி, அச்சடித்து, உன் சொந்த ஊரான மண்டூர்ச் சனம் முழுவதும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பதை நினைத்தேன். பேனையை மூடினேன்.

புத்தகம் அப்படியே அச்சாகியது. ‘நண்பன் புலம்பல்’ என்ற தலைப்பு, சுற்றிவரக் கோடு, உள்ளே ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாள் மண்டூரில் பந்தலுக்குள் புத்தகம் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி, தலைப்பு மட்டும் கிடக்கு. அச்சுப் பிழையா?” என்று கேட்டார். “ஓம் ஐயா, அச்சுக் கோத்தவன்ட பிழை” என்றேன். உனக்கு ஆச்சரியமாக இருக்காது.

உன் மனைவி கோப்பித் தட்டோடு பின்னால்தான் நின்றிருக்கிறா. எனக்கு ஒரு கிளாசைத் தந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னா:

“உங்கட வீட்டு அக்கா உங்களிட்டச் சொன்னத, அந்தக் கிழமையே எனக்கிட்ட வந்து சொல்லி அழுதவ. அவருக்கும் தெரியும். சாகும்வரைக்கும் ஆருக்கும் சொல்லல்ல. ஒரு வரி எழுதுவீங்களோ எண்டு பாத்தம்.” பிறகு அடுத்தவருக்குக் கோப்பி கொடுக்கப் போனா.

நான் அந்தக் கோப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நீ குடித்த மாதிரி குடிக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வாசல் படலையில் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகப் பழகிப்போன வேலை.

அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. உன்னிடம் பதின்மூன்று வருடம் இருந்தது, இனி என் முறை. சின்னத்தம்பி அண்ணனுக்கு இப்போது இரண்டு காதும் கேளாது. நான் எழுதுவதைக் கண்டு, பழைய ஞாபகத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி, “இண்டைக்கு ஆருக்கு?” என்றார். “எனக்கு” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, தலையை ஆட்டினார்.

உண்மையாகத்தான் சொல்கிறேன், மச்சான். நம் வழக்கப்படி திதியை விட்டுவிட்டு எனக்கும் ஒன்று கட்டி வைத்துவிட்டேன். பிள்ளைகள் ஐந்து பேர் என்பதால் மக்கள் புலம்பலுக்கு ஒரு பக்கம் போதவில்லை. நண்பன் புலம்பல் என்ற தலைப்பை மட்டும் போட வேண்டாம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதை எழுத ஆளில்லை.