அப்பாவுக்கு 1,716, அம்மாவுக்கு 709

பெக்கான் நானாஸ்,
9 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள அட்ரியன் அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை எவ்லின் (அந்தப் பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை) எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். மீரியில் நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். என் வாட்ஸ்அப்புக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் வரவில்லை. விரலில் ஏதாவது அடியா? அதனால்தான் கடிதம். இதில் டிக் விழாது, நானும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

உனக்கு ஒரு பெரிய நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கதையைச் சொல்லாமல் நன்றியை மட்டும் சொன்னால் உனக்குத் தலை வீங்கிவிடும். அதனால் கதை முதலில்.

நாம் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டை ஐயாசாமி அங்கிள் விற்கப்போகிறார். "ஒங்களுக்குத்தான் மொதல்ல கேக்குறேன் ரபேல். நவம்பர் கடைசிக்குள்ள பேங்கு லெட்டர் காட்டுங்க. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்காங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் இருந்த வீடு. அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வங்கியில் கஸ்தூரி அக்கா என்ற அதிகாரி அப்பா, அம்மா இரண்டு பேருடைய கடன் அறிக்கையையும் கேட்டார். அப்பாவுக்குச் சம்பளம் சிங்கப்பூரில் என்பதால் அந்த ஊர் அறிக்கையும் வேண்டுமாம். எல்லாம் வந்தது. கடனை ஒழுங்காகக் கட்டும் ஆளா என்று அளக்கும் ஸ்கோர் அப்பாவுக்கு 1,716. அம்மாவுக்கு 709.

அப்பா தன் தாளை ஐஸ்பெட்டிக் கதவில் அன்னாசிப்பழக் காந்தம் வைத்து ஒட்டினார். "பாத்தியா சூசன், ரெண்டு மடங்குக்கு மேல! அந்தக் கார்டு சமாச்சாரத்தக்கூட சிங்கப்பூர்காரன் மன்னிச்சிட்டான் போல" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. 'அந்தக் கார்டு' என்றுதான் சொல்வார். சிங்கப்பூரில் அப்பா பெயரில் வாங்கிய கிரெடிட் கார்டை நீ தேய்த்துத் தீர்த்தது, அதற்காக நடந்த சண்டை, அடுத்த வாரமே நீ மீரிக்கு விமானம் ஏறியது, எல்லாமே இந்த வீட்டில் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

நான் சும்மா இருப்பேனா? பள்ளி ரிப்போர்ட் கார்டு மாதிரியே ஒன்று தயாரித்துப் பக்கத்தில் ஒட்டினேன். 'ரபேல்: வகுப்பில் முதலிடம். சூசன்: கடைசி இடம். மாணவி சமையலில் கெட்டி, கணக்கில் மட்டி. பெற்றோர் உடனே வந்து பார்க்கவும்.' அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

மறுநாள் மேசையில் வீட்டுக்கடன் விண்ணப்பப் பாரம் கிடந்தது. அம்மாவின் பெயர் மேல் ஒரு கோடு. ரூலர் வைத்து, நேராக. "என் நம்பர சேத்தா வீடு கெடைக்காமப் போயிரும்லா. அப்பா பேருலயே இருக்கட்டும்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. அன்னாசி வெட்டி வெட்டிச் சாறு அரித்த கை, ஐஸ்பெட்டித் தவணையை ஒரு மாதம்கூடத் தவறவிடாத கை, அது போட்ட கோடு. அண்ணா, நான் ஷூவுக்குள் தவளை விட்டிருக்கிறேன், உன் மைலோவில் உப்புப் போட்டிருக்கிறேன். என்னால் யாரும் தன் பெயரையே அடித்துக்கொண்டதில்லை.

சமாதானத்துக்கு அப்பாவையும் கவிழ்த்துவிடலாம் என்று, எனக்கு 3,000 ஸ்கோர் என்று ஒரு போலி அறிக்கை தயாரிக்கப் போனேன். நிஜம் மாதிரி இருக்க வேண்டுமே, உச்சம் எவ்வளவு என்று அப்பாவின் தாளைத் திருப்பினேன். அலமாக்! சிங்கப்பூர் அளவு ஆயிரத்தில் தொடங்கி இரண்டாயிரத்தில் முடிகிறது. வாசலில் கால் வைத்தாலே ஆயிரம் இலவசம். அப்பாவின் 1,716 இருப்பதிலேயே கடைசித் தரம். பக்கத்திலேயே அந்தத் தரத்துக்கான எழுத்து, 'எச் எச்' என்று போட்டிருந்தது. அப்பா அதைத் தும்மல் என்று நினைத்திருப்பார். அம்மாவுடையதோ மலேசிய அறிக்கை, முந்நூறில் தொடங்கி எண்ணூற்றைம்பதில் முடியும் அளவு. அதில் 709 'நல்லது'.

அம்மா நம்பவில்லை. இன்னொரு மலேசிய நிறுவனத்தின் அறிக்கையையும் எடுத்தோம். அதில் வேறு எண்! அம்மாவுக்குப் பழையபடி பயம். கஸ்தூரி அக்காவுக்கே போன் போட்டேன். ஒவ்வொரு நிறுவனமும் தன் கைக்கு வந்த விவரத்தை வைத்து, தன் முறையில் எண் போடுகிறதாம். ஒருவரிடம் இருக்கும் தவணை விவரம் இன்னொருவருக்கு வந்தே சேர்ந்திருக்காது. ஒருவர் தாமதத்துக்கு அதிகம் குறைப்பார், இன்னொருவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். "நம்பர மட்டும் பாத்து பயப்படாதீங்கம்மா, எங்கேருந்து எதுவரைக்கும் எண்ணுறாங்கன்னு பாருங்க" என்றார். நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்: அடையாள அட்டையில் நீங்கள் திருடி மாதிரி இருக்கிறீர்கள், கல்யாணப் படத்தில் ராணி மாதிரி இருக்கிறீர்கள், முகம் ஒன்றுதான், கேமராதான் வேறு. முதுகில் ஒன்று விழுந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே விழுந்தது.

அப்பாவிடம் சொல்லும்போது நான் விளையாடவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினேன், அவ்வளவுதான். நின்றுகொண்டே படித்தார். பிறகு காந்தத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாள் தரையில் விழுந்ததைக் கவனிக்கவே இல்லை.

அம்மாவை முதல் விண்ணப்பதாரராகப் போடலாம் என்றார் கஸ்தூரி அக்கா. ஆனால் அந்தக் கார்டு பாக்கி தீர்ந்ததற்குக் கடிதம் வேண்டுமாம். தீரவே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கார்டுக்காரர்களின் கடிதங்களை அப்பா பிரிப்பதே இல்லை, எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் அடைத்துவிடுவார். அன்று டின்னைக் கொட்டி, வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வோர் உறையாகக் கிழித்தார். மாதா மாதம் பணம் வந்திருந்தது. கட்டியவர் பெயர்: அட்ரியன் ரபேல். பதினான்கு மாதம். கடைசி உறை போன ஏப்ரலில் வந்தது. பாக்கி இல்லை என்று எழுதியிருந்தது. பழைய தாமதங்கள் அறிக்கையிலிருந்து மறையக் கொஞ்ச காலம் ஆகுமாம், அதனால்தான் அந்தத் தும்மல் இன்னும் நிற்கவில்லை.

அப்பா உறைகளை மாத வரிசையாக அடுக்கினார். பிறகு அம்மாவிடம், "இவன் அங்க ஒழுங்கா சாப்புட்டானா இல்லையா?" என்று கேட்டார். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வங்கிக் கடிதம் வந்தது. கடன் கிடைத்துவிட்டது. அம்மா முதல் கையெழுத்து, அப்பா இரண்டாவது. அம்மா தன் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினார் தெரியுமா, கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. என் ரிப்போர்ட் கார்டைத் திருத்தி ஒட்டிவிட்டேன். அதில் உனக்கும் ஒரு வரி உண்டு. என்ன என்று சொல்ல மாட்டேன், வந்து பார். நன்றி அண்ணா. இதில் விளையாட்டு இல்லை. அந்தப் பதினான்கு மாதமும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

நேற்று அப்பா பொந்தியானுக்குப் போய், சொந்த வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார். சாவி நான்கு. நாம் மூன்று பேர்தானே என்றேன். "ஸ்பேர்" என்றார். ஸ்பேர் சாவிக்கு யாராவது 'அட்ரி' என்று சீட்டு எழுதிக் கட்டுவார்களா?

இந்த உறை ஏன் கனக்கிறது என்று யோசித்திருப்பாய். ஆமாம், அந்த நான்காவது சாவியைத் திருடிவிட்டேன். அப்பா காலையிலிருந்து தேடுகிறார், சோபாவுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டார். கிறிஸ்துமஸுக்குள் அவர் கையில் கொடுத்துவிடு. தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டோம்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உனக்குக் கடன்பட்ட தங்கை,
எவ்லின்