யோஹானுக்குப் போன பொட்டலம்

பாசமுள்ள அருள் அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் உன் மேல் எனக்குப் பொறாமைதான். செத்தவன் மேல் என்னடா பொறாமை என்று கேட்பாய். சொல்கிறேன், கேள்.

முப்பது வருடம் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் என்று இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரும் போன் செய்யவில்லை. நீயோ காடாம்புலியூர் முந்திரிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, பருப்பு வாங்கும் ஜெர்மனிக்காரர் யோஹானை இருபத்திரண்டு வருடம் பிடித்து வைத்திருந்தாய். எத்தனையோ பேர் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று போயும் அவர் அசையவில்லையே. அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாய்?

உனக்குப் பின் முதல் கன்டெய்னரை நான்தான் அனுப்பினேன். முதல் பெட்டியில் நீ வழக்கமாக வைக்கும் சின்னப் பொட்டலத்துக்கு, முத்து முத்தாகப் பருப்பு பொறுக்கினேன். தரம் பிரிக்கும் மேரி அக்கா தடுத்தார்.

"இன்னா தம்பி, நல்லதா பொறுக்கிக்கினு இருக்கீங்க? அண்ணன் இருக்கறதுலயே மோசமானதத்தான் வைப்பாரு. இதவிட மோசம் உள்ள இல்லன்னு சீட்டு எழுதுவாருங்க."

"வியாபாரம் பண்ற லட்சணமாக்கா இது?" என்று சிரித்தேன். உன்னைவிட நான் கெட்டிக்காரன் என்று காட்ட வேண்டாமா?

யோஹானிடமிருந்து மெயில் வந்தது. பொட்டலத்தில் நல்ல பருப்பைப் பார்த்ததும் சந்தேகம் வந்து எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாராம்; உள்ளே இருந்தது அந்தத் தரத்தில் இல்லையாம். அடுத்த ஆர்டரை நிறுத்திவிட்டார். மேரி அக்காவும் மற்ற பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பொங்கல் சமயத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று அருள் எழுதினாரே, நீங்கள் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லையா?

கடல் தாண்டி இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து டவுன்ஷிப்பில் இருந்த எனக்குத் தெரியவில்லை. ஏன் அண்ணே, நான் கேட்கவே இல்லை என்பதாலா? நினைத்தாலே வயிறு எரிகிறது.

நேற்று மேரி அக்காவைக் கூப்பிட்டு, கருகல், உடைசல், சொத்தை எல்லாம் பொறுக்கச் சொல்லி யோஹானுக்குக் கூரியரில் அனுப்பினேன். நல்லதைப் பொறுக்கி வைத்தது நான்தான் என்று சீட்டில் எழுதினேன். கீழே இன்னும் இரண்டு வரி: "அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பதில் இதுதான் மோசமானது."

பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இனி இந்தக் கொட்டகையிலிருந்து மோசமானதுதான் முதலில் போகும். பொறாமையை மட்டும் விடச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போன தம்பி,
ஞானம்