வெள்ளிக்கிழமை குடித்த எலும்புச் சாறு

சேசு மரி சூசை துணை

ஜீவனஹள்ளி,
பெங்களூர் கண்டோன்மெண்ட்,
8-3-1936, ஞாயிறு.

என் செல்ல மகன் ரெமிஜியஸுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை பியாட்ரிஸும் சுகமாயிருக்கிறோம், நீயும் சுகம் என்று எழுதியிருப்பாய் என்று பார்த்தால் உன் கடிதத்தில் அந்த ஒரு வார்த்தைதான் இல்லை. ஜப்பானிலிருந்து ஐந்து வாரம் கப்பலில் வந்த கடிதம், மூன்று தடவை படித்தேன். பட்டு நூல் இழுக்கும் மில்லில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாயாம், இரண்டு வேளையும் வெறும் சோறும் உப்பில் ஊறிய முள்ளங்கியும்தானாம், படிப்பு போதும், இங்கே படிக்க அனுப்பிய பட்டு இலாகாவுக்கு எழுதி என்னைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாய். எல்லாம் ஒரு கிண்ணம் சூப்பினால் வந்த வினை, அதனால் முதலில் அந்தச் சூப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

நீ அந்தத் தள்ளுவண்டிக் கடைக்குப் போனது வெள்ளிக்கிழமை. இறைச்சி தொடக்கூடாத சுத்தபோசன நாளாயிற்றே என்று சீனச் சேமியாவின் மேலே கிடந்த பன்றி இறைச்சித் துண்டைக் கையைக் காட்டி எடுத்துவிடச் சொன்னாய், மீன் வில்லை மட்டும் இருக்கட்டும் என்றாய். பிறகு பனி கொட்டுகிற தெருவில் நின்றுகொண்டு, இரண்டு குச்சியால் வாரி வாரி, பக்கத்தில் நின்றவர்களைப் போலவே சத்தம் போட்டு உறிஞ்சி, கிண்ணத்தின் அடி தெரியக் குடித்தாய். வீட்டை விட்டு வந்த பிறகு வயிறும் மனசும் சேர்ந்து நிறைந்தது அன்றைக்குத்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பானைக்குள் பன்றி எலும்பு கொதிக்கிறதைப் பார்த்தாயாம். கெட்டிக்காரா, கிறிஸ்துமஸுக்கு நான் வைக்கிற பன்றிக் குழம்பில் கறியை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை ஊற்றினால் அது சாம்பாராகிவிடுமா? அன்று முதல் எதில் என்ன இருக்குமோ என்று பயந்து சோற்றையும் முள்ளங்கியையும் தவிர எதையும் தொடுவதில்லை என்கிறாய். புதன்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அறியாமல் குடித்தது பாவமில்லை, அறிந்து பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதுதான் பாவம், இந்தத் தபசுகாலத்தில் உன் மகனுக்கு ஒருசந்தி வேண்டாம், நன்றாகச் சாப்பிடச் சொல் என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வண்டிப் பக்கம் போகாதே, மற்ற ஆறு நாளும் போ.

நேற்று சனிக்கிழமை நானே அதைச் செய்து பார்த்தேன். என் பிள்ளை பயப்படுகிற சாப்பாடு என்னதான் என்று தெரிய வேண்டாமா? பன்றி எலும்பு வாங்கிவந்து இஞ்சி வெங்காயம் போட்டுக் காலையிலிருந்து கொதிக்க வைத்தேன். கோதுமை மாவைப் பிசைந்து முறுக்கு நாழியில் பிழிந்தேன், நூலாக விழுந்தது, சாற்றில் போட்டதும் கூழாகிவிட்டது. அப்பா கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, இன்னாம்மே இது, சினிமா நோட்டீஸ் ஒட்டப் பசை காச்சியிருக்கியா என்றார். பியாட்ரிஸ் ஜப்பான் மரியாதை என்று சர்ரென்று உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். ஆனால் சாறு நன்றாக இருந்தது ரெமிஜியஸ், கேலி பேசின மனிதர் இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை, நம் வீட்டு அடுப்பில் வராத வாசனையும் இல்லை. நீ குடித்தது இதைவிட நூறு மடங்கு ருசியாக இருந்திருக்கும்.

அப்பா உன் கடிதம் வந்த அன்றே இலாகாவுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். புள்ள உசுரோட வந்தா போதும், பட்டும் வாணாம் பதவியும் வாணாம் என்று சொல்லிக் கண் கலங்கித் தபாலில் சேர்க்க என்னிடம் கொடுத்தார். நான் சேர்க்கவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். பதினெட்டு வயதில் நான் மதராஸுக்கு நர்சுப் படிப்புக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் அழுகை, பதினோராம் நாள் உன் தாத்தா வந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷம் ஒரு வாரம். என்னோடு போன கேத்தரின் இன்றைக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலான மேட்ரன், எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். ஒருத்தராவது என்னைத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்ற கோபம் இருபத்தாறு வருஷமாகியும் தீரவில்லை. உன்னைத் திட்ட நான் இருக்கிறேன். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே, சாயந்திரம் கேட் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், உனக்குத் தைரியமும் புத்தியும் சேர்ந்தே பறந்திருக்கிறது. அப்பாவின் மனுவை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உன்னிடம் வர ஐந்து வாரம், நீ திருப்பி அனுப்பினால் இங்கே வர ஐந்து வாரம். அந்தப் பத்து வாரமும் நேரத்துக்குச் சாப்பிடு. அதற்குப் பிறகும் வரத்தான் வேண்டும் என்றால் நானே கொண்டுபோய் இலாகாவில் கொடுக்கிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, செபமாலையை விடாதே. தேவமாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாளாக. முக்கியமான விஷயம், அப்பாவுக்கு எழுதும்போது மனுவைப் பற்றி மூச்சு விடாதே. தபாலில் போட்டுவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இது அறிந்தே செய்த பாவம் மகனே, ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன், ஆனால் செய்ததற்கு வருந்தி மனஸ்தாபப்பட்டுச் சொல்ல என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை.

உன் அன்பு அம்மா,
பிரிஜெட்