டெண்டரில் இல்லாத கட்டைகள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நானும் பிள்ளைகளும் நலம். அண்ணியின் முட்டிவலி தேவலையா? நாலு கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறாய், போகட்டும், பழகிவிட்டது.

ரயில் காட்சிக்கூடத்துக்கு நம் பழைய ஜங்ஷனை மேசைமேல் மாதிரியாகக் கட்டும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நீராவி இன்ஜின்கள் மட்டும் பதினொன்று. அப்பா ஓட்டிய நாற்பத்தேழாம் நம்பரும் உண்டு. மாதிரி கட்டுகிறவர்கள் ஏதாவது ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்று எது எப்படி இருந்ததோ அப்படியே செய்வோம். நான் எடுத்திருப்பது நாற்பத்தேழு நிற்காமல் போய் மோதிய நாள்.

இன்ஜினுக்குப் பின்னால் கரி ஏற்றுகிற டெண்டரில் பிரேக் கட்டையே இல்லை என்று அப்பா எவ்வளவு கத்தினார்! "கட்டையெல்லாம் இருந்துச்சு, டிரைவர்தான் தூங்கிட்டாரு" என்று விசாரணையில் சொன்னானே பட்டறை மேஸ்திரி, அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். வேலை போய், சாகும்வரை 'தூங்குமூஞ்சி டிரைவர்' என்று அப்பா பெயர் சுமந்தாரே, அதற்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். நான் யார் என்று சொல்லாமல் அவனுக்கு எழுதப்போகிறேன்.

உன் தங்கை

மார்ச் 12

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கு வேறு வேலையே இல்லையா? அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கிழவனுக்கு எண்பது வயது. பொம்மை ரயில் செய்யக் கூப்பிட்டால் பொம்மை ரயில் செய்துவிட்டு வா. பழசைக் கிளறாதே.

அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

மாட்டிக்கொண்டான்!

விசாரணையில் அவன் சொன்னபடியே, டெண்டரின் ஆறு சக்கரத்துக்கும் கட்டை போட்டு ஒரு படம் வரைந்து, எந்த வருஷம் எந்த மாசம் என்றும் எழுதி அனுப்பினேன். "எல்லாம் சரிதானா, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கொஞ்சம் ஐஸ் வைத்தேன். இன்ஜினைத் தப்பாக வரைந்தால் கிழவனுக்குத் தாங்குமா? ஆறு கட்டையையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறான்: "யாரும்மா இப்படி வரைஞ்சது? அந்த மாசம் இதுல ஒரு கட்டைகூடக் கிடையாது. எக்ஸ்பிரசுக்கு வேணும்னு நானே கழட்டிட்டேன்." கீழே கையெழுத்து, தேதி வேறு!

சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அந்தத் தாளைக் கண்ணாடிப் பெட்டியில் நாற்பத்தேழுக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன். ஊரே படிக்கட்டும், அவன் மானம் போகட்டும். நீயும் அண்ணியும் அவசியம் வரவேண்டும்.

உன் தங்கை

ஏப்ரல் 15

தங்கச்சி,

அந்தத் தாளை வைக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

கட்டை இல்லாதது எனக்கு அன்றே தெரியும். முந்தின நாள் சாப்பாடு கொண்டுபோனபோது அப்பாவே குனிந்து காட்டினார். "இதோட ஓட்டச் சொல்றாங்கடா" என்றார். விசாரணையில் அவர், "என் பையனும் பார்த்தான், அவனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குள் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பனுக்கு எப்படியும் வேலை போயிரும். உனக்காவது ஒண்ணு வேணாமா?" என்றான். கட்டை இருந்தது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய்.

அதைப் படித்துக் காட்டியபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம் மேஸ்திரி பெயரை மட்டும்தான் சொன்னார். நீ இதை வெளியே வைத்தால் பழைய ஃபைலைப் பிரிப்பார்கள். அதில் என் தாளும் இருக்கிறது.

அண்ணன்

ஏப்ரல் 20

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஃபைலை நானே பிரித்துவிட்டேன். அப்போது உங்கள் கையெழுத்து எவ்வளவு குண்டு குண்டாக, அழகாக இருந்திருக்கிறது! இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற மாதிரி பெட்டியை இன்னும் ஒரு சாண் அகலமாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. முன் வரிசையில் மேஸ்திரிக்கு அடுத்த நாற்காலி உங்களுக்கு.

இப்படிக்கு,
டிரைவரின் மகள்