கவிழ்த்த பால்

அத்தானுக்கு,

நம் எருமைக்கு மடி வீங்கிவிட்டது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக, இரத்தம் கலந்து வந்தது. மாட்டு டாக்டர் ஊசி போட்டு, குணமாகும்வரை பாலை விற்கக் கூடாது என்றார்.

உங்கள் அண்ணன் கேட்கவில்லை. "ஏளா, நல்ல பாலோட கலந்துட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று, மாட்டுங்கா வீடுகளுக்குப் போகும் கேனில் அதை ஊற்றினார். கைக்குழந்தை இருக்கிற ராஜலக்ஷ்மியம்மா வீட்டுக்கும் அதுதான் போகும். நான் கேனைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கை ஓங்கினார், அடிக்கவில்லை.

இப்போது சந்துக்குள் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறேன்.

எருமைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. எனக்கும் ஒன்றுமில்லை. ஊரில் அத்தைக்கு உடம்பு தேறியபின் வாருங்கள், அவசரமில்லை. வரும்போது நம் கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வாருங்கள்.

தாராவியிலிருந்து,
உங்கள் வீட்டுக்காரி